கழுத்தில் ஒரு வண்டு

கூத்தாநல்லூருக்குப் போகிறேன் என்று யாரிடமாவது சொன்னால், "சரஸ்வதி கோயிலுக்கா?" என்று உடனே கேட்டுவிடுகிறார்கள். அது கூத்தனூர், பூந்தோட்டத்துக்குப் பக்கம். சோழ மகாராஜா ஒட்டக்கூத்தருக்குக் கொடுத்த ஊர் என்பார்கள். பேசாத பிள்ளைக்கு அங்கே அம்பாள் தாம்பூலத்தால் பேச்சு வந்தது என்று ஒரு கதையும் உண்டு. நான் போவது வேறு ஊர். திருவாரூரிலிருந்து மன்னார்குடி போகிற சாலையில், வெண்ணாற்றங்கரையில், சிங்கப்பூரிலும் மலேயாவிலும் அரபு தேசங்களிலும் பாதி உயிரை வைத்துக்கொண்டு மீதிப் பாதியோடு வாழ்கிற ஊர். 'சின்ன சிங்கப்பூர்' என்று அதற்குச் செல்லப் பெயர். நடுவில் ஒரு 'நல்' நுழைந்துவிட்டால் ஊரே மாறிவிடுகிறது. வாய்க்குள் நாக்கு ஒருமுறை கூடுதலாகப் புரண்டால் பதினைந்து இருபது மைல் தள்ளி வேறு தெய்வம், வேறு ஜனங்கள்.

இப்படியெல்லாம் நாக்கைப் பற்றி யோசிக்கிற வழக்கம் எனக்கு முன்பு கிடையாது. கூத்தாநல்லூரில் என் சிநேகிதர் ஒருவர் குரலை இழந்த பிறகு வந்த வழக்கம் இது.

அவரைப் பாய் என்றே சொல்கிறேன். அந்த ஊரில் யாரைக் கூப்பிட்டாலும் பாய்தான் என்றாலும் எனக்கு அங்கே ஒரே ஒரு பாய்தான். ஜவுளிக்கடை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். லெட்சுமாங்குடியில் நான் சின்னப் பையனாக இருந்தபோதே அவர் குரல் எனக்குத் தெரியும். கடையின் கல்லாவில் உட்கார்ந்தபடி எதிர்ச்சாரியில் இருக்கிற டீக்கடைக்கு "மூணு டீ, ஒண்ணுலே சீனி கம்மி" என்று சொல்வார். நடுவில் போகிற பஸ் அந்தக் குரலை ஒன்றும் செய்யாது. புடவையை விரித்துப் போட்டு, "இது உங்களுக்குன்னே வந்தது தங்கச்சி" என்று அவர் சொன்னால், விலையைக் கேட்காமல் எடுத்துக்கொண்டு போனவர்கள் உண்டு. குரலே வியாபாரம்.

குரல் கம்மியது. பனங்கற்கண்டு, மிளகு, சித்தரத்தை என்று மூன்று மாதம் போயிற்று. பிறகு தஞ்சாவூர், பிறகு சென்னை. புகையிலை செய்த வேலை என்றார்கள். குரல்வளையை எடுத்தால் ஆள் பிழைப்பார் என்றார்கள். எடுத்தார்கள். ஆள் பிழைத்தார்.

குரல்வளையை எடுத்தால் என்ன ஆகிறது என்பது எனக்கு அதுவரை தெரியாது. பேச்சு போய்விடும், அவ்வளவுதான் என்று நினைத்திருந்தேன். மூச்சின் பாதையே மாறிவிடுகிறது. கழுத்தின் அடியில், சட்டைப் பித்தான் இருக்கிற இடத்தில், ஒரு துவாரம். நுரையீரலுக்குப் போகிற காற்றும் வருகிற காற்றும் அதன் வழியாகத்தான். மூக்கும் வாயும் சாப்பாட்டுக்கும் முகத்துக்கும்தான் என்று ஆகிவிடுகின்றன. பூவை மோந்து பார்க்க முடியாது. சூடான டீயை ஊதிக் குடிக்க முடியாது. இந்த டீ விஷயத்தைத்தான் பாய் முதலில் எழுதிக் காட்டினார். அப்போது அவரிடம் பேசுகிற கருவி வந்திருக்கவில்லை. பேத்தியின் சிலேட்டில் எழுதுவார். "தம்பி, அறுபத்தெட்டு வயசுலே டீயை ஆத்திக் கொடுங்கன்னு கேக்க வேண்டியிருக்கு."

பேச்சைத் திரும்பக் கொண்டுவர வழிகள் உண்டு. காற்றை விழுங்கி, ஏப்பம் விடுகிற மாதிரி மேலே தள்ளிப் பேசப் பழகலாம். மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் சின்ன வால்வு ஒன்றை வைத்து நுரையீரல் காற்றையே வாய்க்குத் திருப்பலாம். பாயின் உடம்புக்கு வால்வு தோதுப்படாது என்றார் டாக்டர். ஏப்பப் பேச்சைப் பாய் இரண்டு வாரம் முயன்று பார்த்துவிட்டு, "கடையிலே உக்காந்து ஏப்பம் விடுறதா?" என்று எழுதி விட்டுவிட்டார். மூன்றாவது வழிதான் அவருக்கு வாய்த்தது. க்ஷவரம் செய்கிற பாட்டரி மிஷின் போல ஒன்று. அதன் தலையைத் தாடைக்குக் கீழே கழுத்தில் அழுத்தி, பித்தானை அமுக்கினால் உள்ளே ஒரு தகடு அதிர்கிறது. ரீங்காரம் சதைக்குள் புகுந்து வாய்க்குப் போகிறது. உதட்டையும் நாக்கையும் பேசுகிற மாதிரி அசைத்தால் ரீங்காரம் பேச்சாகிவிடுகிறது.

நான் முதல் தடவை கேட்டது கடை வாசலில். கழுத்தில் ஒரு வண்டு உட்கார்ந்து பேசிற்று. "வாங்க தம்பி." ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஒரே சுருதி. எனக்கு அழுகை வருவதற்குப் பதில் சிரிப்பு வந்துவிட்டது, அவருக்கும்தான். ஆனால் அவர் சிரிப்பில் சத்தம் இல்லை. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

அன்று சாயந்திரம் பேசிக்கொண்டிருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். "வாழைப்பழம் சாப்பிடுங்க தம்பி" என்றார் வண்டுக் குரலில். 'ழ' அப்படியே இருந்தது. சுத்தமான, தஞ்சாவூர் ஜில்லாவின் பழைய 'ழ'. பட்டணத்துக்காரர்கள் 'வாளப்பளம்' என்பதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்பது பாய்க்கு வாழ்நாள் முழுவதும் ஒரு பொழுதுபோக்கு. அந்தப் பெருமைக்கு ஆபரேஷன் ஒரு கீறல்கூடப் போடவில்லை. ஆனால் அடுத்த நிமிஷம் உள்ளேயிருந்து ஓடி வந்த பேத்தியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்தக் குழந்தையின் பெயர் 'ஹா'வில் ஆரம்பிக்கிறது. வண்டு 'ஆ' என்றுதான் ஆரம்பித்தது. அவர் முகத்தில் ஒரு சுளிப்பு. இன்னொரு தடவை முயன்றார். மறுபடி 'ஆ'தான்.

பிற்பாடு, யாரும் இல்லாத நேரத்தில் சிலேட்டை எடுத்து எழுதினார். கருவி கையில் இருக்கும்போதே எழுதினார். அதுதான் என்னை என்னவோ செய்தது. "அல்லாஹ்னு சொன்னா கடைசியிலே ஒண்ணும் வரலை தம்பி. அல்ஹம்துலில்லாஹ்லே ரெண்டு இடம் போயிடுது."

பள்ளிவாசலில் பெரியவர் ஒருவர், வாய்க்கு வராததை நெஞ்சு சொன்னால் போதும், கேட்கிறவனுக்குக் கேட்கும் என்று ஆறுதல் சொல்லியிருக்கிறார். பாய் ஒத்துக்கொண்டார். ஆனாலும் மனசு கேட்கவில்லை. அறுபது வருஷமாக ஒரு நாளைக்கு ஐந்து வேளை சொன்ன எழுத்து. 'ழ' நிற்கிறது, 'ஹ' போய்விட்டது. இது என்ன கணக்கு என்று அவர் என்னைக் கேட்டார். கதை எழுதுகிறவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை ஊரில் இருக்கிறது. எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்துகொண்டு சொல்கிறேன் என்று பட்டணம் திரும்பினேன். அப்படித்தான் பேசுகிற பொம்மைகளின் சரித்திரத்தில் போய் விழுந்தேன்.

அந்தச் சரித்திரத்தில் எனக்கு மிகவும் பிடித்த மனிதர் உல்ஃப்காங் ஃபான் கெம்பெலன். 1734-ல் பிறந்தவர், ஆஸ்திரிய மகாராணி மரியா தெரேசாவின் உத்தியோகஸ்தர். சதுரங்கம் ஆடுகிற துருக்கிப் பொம்மை ஒன்றைச் செய்து ஐரோப்பாவையே அசத்தினாரே, அவர்தான். அந்தப் பொம்மை மோசடி. பெட்டிக்குள் ஒரு ஆள் ஒளிந்துகொண்டு காய் நகர்த்தினான். ஆனால் அதே மனிதர், அதே காலத்தில், கொஞ்சமும் மோசடி இல்லாத இன்னொரு யந்திரத்தைச் செய்ய இருபது வருஷம் உழைத்தார். அது பேசுகிற யந்திரம். 1791-ல் அதைப் பற்றிப் பெரிய புஸ்தகமும் எழுதினார். சதுரங்கப் பொம்மையைப் பார்த்துக் கைதட்டியவர்கள் இதைப் பார்த்து, உள்ளே யார் ஒளிந்திருக்கிறார்கள் என்று தேடினார்கள். பொய்க்கு ஒரு தடவை பெயர் வாங்கிவிட்டால் நிஜத்துக்கு வரவேற்பு இருக்காது போலும்.

அந்த யந்திரம் எப்படி ஆரம்பித்தது என்பதில் நம்முடைய ஜில்லாக்காரர்களுக்கு ஒரு ருசி உண்டு. கிராமத்துச் சத்திரம் ஒன்றில் யாரோ துருத்தி வாத்தியம் வாசிப்பதைக் கெம்பெலன் கேட்டார். அதன் நாக்கு, அதாவது நாம் சீவாளி என்கிறோமே அது, குழந்தை குரலெடுக்கிற மாதிரி அவர் காதில் விழுந்தது. அதை விலைக்கு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனிதத் தொண்டையில் இருப்பதும் ஒரு சீவாளிதானே என்று அவருக்குத் தோன்றிவிட்டது.

நாகஸ்வரக்காரர்கள் சீவாளியை மட்டும் வாயில் வைத்துச் சரிபார்க்கும்போது நீங்கள் கேட்டிருக்கலாம். கல்யாண வீட்டில் மேளம் ஆரம்பிப்பதற்கு முன்னால் வாத்துக் கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வரும். காவேரிக் கரையில் வளர்கிற கொறுக்கைத் தட்டையைப் பதம் செய்து, திருவாவடுதுறையில் கட்டிக் கொடுக்கிற அந்தச் சின்னத் துண்டுக்குத் தனியாக இருக்கும்போது தெரிந்தது அந்த வாத்துச் சத்தம் ஒன்றுதான். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த குழலில் அதைச் செருகியதும் தோடி வருகிறது. எனக்குத் தெரிந்த வித்வான் ஒருவர் வேடிக்கைக்காக ஒன்று செய்து காட்டினார். சீவாளியை ஊதிக்கொண்டே, அதன் வாய்க்கு முன்னால் இரண்டு கைகளையும் கிண்ணம் போலக் குவித்து, மூடித் திறந்தார். 'ம்மா, ம்மா' என்று வந்தது. அவர் பேரன் திரும்பிப் பார்த்தான். இருநூற்று முப்பது வருஷத்துக்கு முன்னால் கெம்பெலன் செய்த காரியமும் அடிப்படையில் இதுவே. நுரையீரலுக்குத் துருத்தி. குரல்நாணுக்குச் சீவாளி. வாய்க்கு ரப்பர்ப் புனல் ஒன்று. மூக்குக்கு இரண்டு துவாரம். வலது முழங்கையால் துருத்தியை அமுக்கி, இடது உள்ளங்கையால் ரப்பர் வாயை மூடித் திறந்து, விரலால் மூக்கை அடைத்து அவர் அதைப் பேசவைத்தார். 'மாமா', 'பாபா' என்று குழந்தைக் குரலில் அது பேசிற்று.

இன்னும் ஒரு கதை சொல்ல ஆசையாக இருக்கிறது. டெலிபோனைக் கண்டுபிடித்த பெல் தன் பதினாறாவது வயதில், 1863-ல், கெம்பெலன் யந்திரத்தைப் பார்த்து வீட்ஸ்டன் என்பவர் செய்திருந்த நகலைப் பார்த்தார். அவர் அப்பா பேச்சுக் கற்றுக்கொடுக்கிறவர். நீங்களும் ஒன்று செய்து பாருங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொன்னார். அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து தலை ஒன்று செய்தார்கள். ரப்பர் உதடு, ரப்பர் கன்னம், மெத்தை வைத்த நாக்கு. மாடிப்படியில் வைத்து ஊதினால் 'மாமா' என்று அலறிற்று. மாடியில் குடியிருந்தவர்கள் குழந்தைக்கு என்னவோ ஏதோ என்று இறங்கி வந்துவிட்டார்களாம். பெல் அதோடு விடவில்லை. வீட்டு நாயை உறுமப் பழக்கி, அதன் வாயைக் கையால் பிசைந்து பிசைந்து, 'பாட்டி, சௌக்கியமா?' என்கிற மாதிரி ஒரு வாக்கியத்தைப் பேசவைத்தார். நாய் உறுமல் ஒன்றைத்தான் கொடுத்தது. வார்த்தை பெல்லின் விரல்களில் இருந்தது.

அந்த இடத்துக்கு வந்ததும் பாயின் கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிட்டதாக எனக்குத் தோன்றிற்று. தொண்டை கொடுப்பது உறுமல். அதற்கு மேலே இருக்கிற குகைதான், அதாவது வாயும் நாக்கும் உதடும் அண்ணமும்தான், அதை 'ஆ' என்றும் 'ஈ' என்றும் பிரிக்கிறது. ஜப்பானில் சிபாவும் கஜியாமாவும் 1941-ல் உயிரெழுத்துக்களைப் பற்றி ஒரு பிரசித்தமான புஸ்தகம் எழுதினார்கள். அவர்கள் அளந்த வாயின் உருவத்தை வைத்துக்கொண்டு, டோக்கியோவில் ஸோஃபியா பல்கலைக்கழகத்தில் அராய் என்ற பேராசிரியர் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக்கில் குழாய்கள் செய்திருக்கிறார். எல்லாவற்றுக்கும் ஒரே ரீங்காரத்தைக் கொடுக்கிறார்கள். ஒரு குழாய் 'ஆ' என்கிறது. வேறு இடத்தில் ஒடுங்கிய இன்னொரு குழாய் 'ஈ' என்கிறது. அந்தக் குழாய்களின் படத்தைப் பாயிடம் காட்டினேன். கையிலிருந்த வண்டைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார். "அப்ப நான் நிஜமாவே பேசுறேன்னு சொல்றீங்க" என்றார். அதுவரை தான் பேசவில்லை, மிஷின் பேசுகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தார் போலிருக்கிறது.

இந்தக் காலத்தில் ஒரு சந்தேகம் எழலாம். சட்டைப் பையில் இருக்கிற டெலிபோனே தமிழ் பேசுகிறதே, இவர்கள் ஏன் இன்னும் ரப்பரையும் துருத்தியையும் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று. டெலிபோனுக்கு வாய் கிடையாது. அது சத்தத்தை எண்களாக அறிந்துவைத்திருக்கிறது. 'பழம்' என்ற சத்தம் எப்படி இருக்கும் என்று அதற்குத் தெரியும். நாக்கு எங்கே போனால் அந்தச் சத்தம் வரும் என்று அதைக் கேட்டால் விழிக்கும். வாஸேதா பல்கலைக்கழகத்தில் தகானிஷி என்பவரும் அவர் மாணவர்களும் 2000-ஐ ஒட்டிய வருஷங்களில் வரிசையாகப் பேசும் ரோபோக்களைச் செய்தார்கள். அவற்றுக்கு நுரையீரல் உண்டு, ரப்பர் போன்ற பொருளில் குரல்நாண் உண்டு, வளைகிற நாக்கு உண்டு, தாடை, உதடு, மூக்குக்குப் போகிற கதவு எல்லாம் உண்டு. ஒவ்வொரு புதுப் பொம்மையிலும் ஏதாவது ஒன்றை மனிதனுக்கு இன்னும் கிட்டக் கொண்டுவந்து, சத்தம் எப்படி மாறுகிறது என்று பார்த்தார்கள். பேசுகிற மனிதனின் குரல்நாணைக் கழற்றி வைத்துவிட்டு வேறு மாட்டிப் பார்க்க முடியுமா? பொம்மையில் முடியும். ககாவா பல்கலைக்கழகத்தில் ஸவாதா செய்த யந்திரம் இன்னும் விசித்திரம். ஸிலிகோன் வாய் ஒன்றை மோட்டார்கள் அங்கங்கே அமுக்குகின்றன. தான் போட்ட சத்தத்தைத் தானே மைக்கில் கேட்டு, சரியில்லையென்றால் வாயை மாற்றிக்கொண்டு, அது குழந்தை மாதிரி கற்றுக்கொள்கிறது. காது கேளாதவர்களுக்கு, வாயை எப்படி வைக்க வேண்டும் என்று காட்டுவதற்கும் அதைப் பயன்படுத்தப் பார்த்தார்கள்.

நன்றாகப் பேசிய இடத்தைவிடத் தடுமாறிய இடத்தில்தான் இந்தப் பொம்மைகள் அதிகம் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. கெம்பெலனின் வாய்க்கு நாக்கு இல்லை. உயிரெழுத்துக்களை எப்படியோ சமாளித்தவருக்கு நாக்கால் பிறக்கிற மெய்கள் ஆட்டம் காட்டின. நாக்கின் வேலை எவ்வளவு என்று அதனால்தான் பளிச்சென்று தெரிந்தது.

நாக்கு என்று வந்துவிட்டால் 'ழ'வை விட முடியாது. கிண்டி என்ஜினீயரிங் கல்லூரியில் படித்து அமெரிக்காவுக்குப் போன ஸ்ரீகாந்த் நாராயணன் என்ற விஞ்ஞானி இருக்கிறார். 1999-ல் அவரும் டேனி பேர்ட், அபிகேல் கான் என்ற இருவரும் சேர்ந்து தமிழின் ர, ற, ல, ள, ழ என்ற ஐந்தையும் ஆராய்ந்து எழுதினார்கள். தமிழ் பேசுகிற ஒருவரை எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுக்கவைத்து வாயைப் படம் எடுத்தார்கள். நாக்கின் அசைவைக் காந்தத்தால் தொடர்ந்தார்கள். 'ழ' சொல்லும்போது நாக்கின் நுனி மேலே எழுந்து பின்வாங்குகிறது. அதற்குப் பின்னால் நாக்கு குழிந்து ஒரு பள்ளம் உண்டாகிறது. உலகத்துப் பாஷைகளில் இப்படி ஐந்து ஒலிகளைத் தனித்தனியாக வைத்திருப்பது அபூர்வம் என்று அந்தக் கட்டுரை ஆரம்பத்திலேயே சொல்கிறது. அப்படி வைத்திருக்கிற நாம்தான் 'வாளப்பளம்' தின்றுகொண்டிருக்கிறோம்.

அதைப் படித்த கையோடு தொல்காப்பியத்தில் பிறப்பியலை எடுத்துப் பார்த்தேன். வித்வான் பரீட்சைக்காரர்கள் நெட்டுருப் போட்டு மறந்துவிடுகிற பகுதி. காற்று உந்தியிலிருந்து எழுகிறது என்று ஆரம்பிக்கிறார். நெஞ்சு, மிடறு, தலை, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் என்று எட்டு இடம் சொல்கிறார். ரகரமும் ழகரமும் நாவின் நுனி மேல் நோக்கிப் போய் அண்ணத்தைத் தடவப் பிறப்பவை. லகரமும் ளகரமும் நாவின் ஓரம் தடித்துப் பிறப்பவை. ஒன்றில் நா அண்ணத்தைப் போய் ஒற்றுகிறது, மற்றதில் வருடுகிறது. ஒற்றுவதற்கும் வருடுவதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க அவருக்கு எம்.ஆர்.ஐ. இல்லை, ரப்பர் வாய் இல்லை. தன் வாய்க்குள்ளேயே உட்கார்ந்து பார்த்திருக்கிறார். இந்தப் பகுதியை ஏதோ கோனார் உரை விஷயம் என்று இத்தனை நாள் ஒதுக்கி வைத்திருந்ததற்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

தொல்காப்பியர் 'ஹ'வைச் சொல்லவில்லை. அது தமிழுக்குப் பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி. 'ஹ'வுக்கு வாயில் இடம் என்று ஒன்றும் கிடையாது. நாக்கு ஒன்றும் செய்வதில்லை, உதடு ஒன்றும் செய்வதில்லை. நுரையீரலிலிருந்து வருகிற வெறும் மூச்சு, திறந்த குரல்வளையை உரசிக்கொண்டு போகிறது. அந்த உரசல்தான் 'ஹ'. பாய்க்குக் குரல்வளை இல்லை. மூச்சோ கழுத்துத் துவாரத்தோடு திரும்பிவிடுகிறது. மேலே வாய்க்குள் வண்டு எவ்வளவு ரீங்கரித்தாலும் அது மூச்சாகாது. 'ழ' நாக்கின் சொத்து, அதனால் நின்றது. 'ஹ' மூச்சின் சொத்து, அதனால் போயிற்று. கணக்கு இவ்வளவுதான்.

வண்டு இன்னொரு குழப்பமும் செய்கிறது. பித்தானை அமுக்கியிருக்கிற வரைக்கும் அது ஓயாது; ஆகவே வல்லெழுத்தெல்லாம் கனத்துப்போகிறது. 'கடை' என்பதைக் 'கண்பதி' என்று நாம் கணபதியைச் சொல்கிறபோது வருகிற கனத்த 'க'வோடு சொல்கிறது. இங்கிலீஷ்காரனுக்கு இது பெரிய சங்கடம். அவன் பாஷையில் 'பின்' வேறு, கனத்த 'ப'வில் சொல்கிற 'பின்' வேறு. நமக்குச் சங்கடம் இல்லை. ஒரே 'க', ஒரே 'ப'. மெலிந்து வந்தாலும் கனத்து வந்தாலும் எழுத்து ஒன்றுதான் என்று நம் காது சமாதானம் செய்துகொண்டுவிடும். 'பாட்டு'க்கும் 'பாடு'க்கும் கூட 'ட்'டில் தங்குகிற நேரம் இருக்கிறதே, அது காப்பாற்றிவிடுகிறது. நாலு 'க' இல்லாத பாஷை என்று நம்மைக் கேலி செய்த பண்டிதர்களைப் பாயின் கடைக்கு அழைத்துப் போக வேண்டும். அவர் வண்டை வைத்துக்கொண்டு முதல் தடவை தனியாகப் பஸ் ஏறி, "கூத்தாநல்லூர் ஒண்ணு" என்றபோது கண்டக்டர் திரும்பிப் பார்த்தார், திடுக்கிட்டார், சரியான சீட்டைக் கொடுத்தார். கூத்தனூருக்குக் கொடுக்கவில்லை.

இந்தச் சமாசாரங்களையெல்லாம் போன ஐப்பசியில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் பாயின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து சொன்னேன். வெண்ணாற்றில் தண்ணீர் செம்மண் நிறத்தில் நிறைந்து போய்க்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு வண்டைக் கழுத்தில் வைத்தார்.

"அந்த ஜப்பான் பொம்மைக்கு அது வருமா?"

அது என்றால் எது என்று எனக்குப் புரிந்தது. கொஞ்சம் தயங்கினேன். பொய் சொல்ல மனம் வரவில்லை. "அதுக்கு நுரையீரல் இருக்கு பாய். காத்து வாய்க்கு வரும். 'ஹ' அதாலே முடியாத காரியம் இல்லே" என்றேன்.

"அப்ப என்னைவிட அதுக்கு ஒண்ணு கூட" என்றார்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். தோள் குலுங்கிற்று, கண்ணில் நீர் கோத்தது, வயிறு ஏறி இறங்கிற்று. சத்தம் மட்டும் இல்லை. சிரிப்பும் 'ஹ'தான் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கழுத்துத் துவாரத்தில் போட்டிருந்த மெல்லிய துணி மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டது.

பிறகு பேத்தியின் சமாசாரம் சொன்னார். அந்த ஜூனில் அவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருக்கிறார்கள். அவளுக்குப் பேச்சு வந்ததே தாத்தாவின் ஆபரேஷனுக்குப் பிறகுதான். நாள் முழுக்க அவர் மடியில். டீச்சர், "உன் பேர் என்னம்மா?" என்று கேட்டாளாம். குழந்தை 'ஹா'வை விட்டுவிட்டு 'ஆ'வில் ஆரம்பித்துச் சொல்லியிருக்கிறாள். டீச்சர் அப்படியே எழுதிவிட்டாள். அம்மாக்காரி குறுக்கிட்டு, இல்லை, 'ஹா' போட வேண்டும் என்று பிறப்புச் சான்றிதழை எடுத்து நீட்டியிருக்கிறாள். டீச்சர் அடித்துத் திருத்தினாள். குழந்தை ஒப்புக்கொள்ளவில்லை. அழுதிருக்கிறாள். அது தன் பெயர் இல்லை என்றாளாம்.

"இப்ப வீட்லே எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுறாங்க தம்பி. சிங்கப்பூர்லேர்ந்து போன் பண்ற அவ மாமன்கூட."

உள்ளேயிருந்து அவள் டீ கொண்டுவந்தாள். இரண்டு டம்ளர். ஒன்றை என்னிடம் கொடுத்துவிட்டு, மற்றதைத் தாத்தாவிடம் கொடுக்காமல், இரண்டு கன்னத்தையும் உப்பிக்கொண்டு 'ஃபூ ஃபூ' என்று பலமாக ஊத ஆரம்பித்தாள். பாதி டீ திண்ணையில் சிந்திற்று.